உள்ளிருந்து திறக்காத கதவு

பதினோரு குளிர்காலம் எலிகள் குடியிருந்த சீட்டை
முதலில் வெளியே இழுத்துப் போட்டோம்.
தம்பி அபெனிசியோ மூக்கில் துணி கட்டிக்கொண்டான்.
நான் கட்டவில்லை.
தும்மித் தும்மியே பஞ்சும் பைன் கொட்டை ஓடுமாய்
இரண்டு கோணி அள்ளினேன்.

மோரா பள்ளத்தாக்கில் அக்டோபரிலேயே பனி.
கராஜ் கதவு முழுசாக மூடாது;
வண்டியின் மூக்கு ஒரு சாண் வெளியே நிற்கும்,
அதன்மேல் ஒரு கம்பளி.
ஐம்பத்தொன்பதாம் வருடத்து செவர்லே.
அப்பா வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்தது.
பச்சை என்றுதான் நினைத்திருந்தோம்.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
பச்சைக்கடியில் வெள்ளை, வெள்ளைக்கடியில்
பாதி அழிந்த எழுத்து:
'...ரெஸ் மற்றும் மகன்கள், கிணறு தோண்டுபவர்கள்.'
அந்த மகன்கள் நாங்கள் இல்லை.

போல்ட் ஒவ்வொன்றும் ஒரு வாய்ச்சண்டை.
மண்ணெண்ணெயில் இரவெல்லாம் ஊறவிட்டுக்
காலையில் ஸ்பானரோடு போய்க் கெஞ்சினால்
சிலது இறங்கி வரும்.
சிலது தலை போனாலும் அசையாது,
பெரியப்பா எலெயுதேரியோ மாதிரி.

வலப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது.
எனக்கு நினைவு தெரிந்த நாளாய்த் திறந்ததில்லை.
அதன் கண்ணாடியும் இறங்காது.
அப்பா இறங்கி, பானெட்டைச் சுற்றி வந்து
வெளியிலிருந்து திறப்பார்.
அம்மா இறங்குவாள்.
மழையிலும். பெட்ரோல் பங்கிலும்.
பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும்
முகத்தைத் திருப்பிக்கொண்டே சுற்றி வருவார்.

நவம்பரில் அந்தக் கதவின் உள்தகட்டைக் கழற்றினேன்.
துரு இருக்கும், ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் என்று
டார்ச் அடித்துப் பார்த்தால்
எல்லாம் நல்லபடியாக இருந்தது.
கிரீஸ் இன்னும் மஞ்சளாய்.
கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி
தன் துளைக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது.
ஒரு கிளிப் மட்டும் இல்லை.
உடைந்த தடயம் கிடையாது.
யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஆஷ்ட்ரேயில் கிடைத்தது,
மெழுகுத்தாளில் மடித்து.

அபெனிசியோ சிகரெட்டைப் பற்றவைக்காமல்
உதட்டிலேயே வைத்திருந்தான்.
"எழுபத்தாறு" என்றான் கடைசியில்.
அந்த வருடம்தான் அம்மா
கொலராடோவில் சித்தி வீட்டுக்குப் போய்
மூன்று வாரம் திரும்பாமல் இருந்தாள்.
கதவு அதற்குப் பிறகா, முன்பா?
இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.
செத்துப்போன மனிதரை மனசுக்குள் திட்டினேன்,
மாதாமாதம் கல்லறைக்கு வாங்குகிற பூவை
அந்த மாதம் வாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எஞ்சின் பிடித்தது.
பிடித்தது என்றால்,
இருமி, அணைந்து, கறுப்பாய் ஒரு மூச்சு விட்டு,
மறுபடி.
சத்தம் கேட்டு அம்மா வந்தாள்,
கோட்டுக்குமேல் கோட்டு,
எண்பத்திரண்டு வயது, யார் கையையும் பிடிக்காமல்.
தன் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.
உள்ளங்கையில் கிளிப்பை வைத்து நீட்டினேன்.
கேட்க வந்தது தொண்டையில் நின்றது.

"ஓ, இதுவா" என்றாள்.
"நான்தான் கழட்டினேன்.
கல்யாணத்துக்கு முன்னாடி ஓடி ஓடித் திறந்துவிடுவான் உங்கப்பன்.
நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்புறம்
உட்கார்ந்த இடத்துல ஹார்ன் அடிச்சான்."

தம்பி உடனே சிரித்துவிட்டான்.
எனக்குக் கொஞ்சம் நேரமானது.
அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.
ஊர் டிராக்டரெல்லாம் பிரித்துப் பூட்டிய மனிதர்.
அம்மா கிளிப்பை விட்டுவிட்டு
அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்,
முன்னும் பின்னும்.
"நான் சும்மா அப்படியே போட்டேன்" என்றாள்.
"தாள்ல சுத்தினது நான் இல்லை."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அம்மா கைப்பிடியைத் தட்டினாள்:
"மாட்டு அதை.
சுத்தி வர இப்போ யார் இருக்கா?"

குறடைத் தேடினேன்.
இடது இண்டிகேட்டர் இன்னும் எரியவில்லை.