சீலைத் துரை

மலையில் இருந்த வெள்ளைக்காரர்களில்
சட்டையோடு குளித்தவர் அவர் ஒருவர்தான்.
பேர் சைலஸ். வாய்க்கு வராத பேரைப்
பழம் பறிக்கும் பெண்கள் சீலையாக்கிவிட்டார்கள்.
மாசம் இரண்டு தரம் குப்பனூர்ப் பாதையில் ஏறிப்போய்
அவர் தாடியை வழிக்கிறவன் நான், அம்மாசி.

தோட்டத்து மணி அடித்தால்
கூலிகளுக்கு முன்னே அவர் எழுந்து நிற்பார்.
உட்காரச் சொல்ல ஆளில்லாமல்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பார்.

ஒரு ஐப்பசி. பத்து நாள் விடாத மழை.
தோள்பட்டை பிடித்துக் கிடந்தவர்
"கதவு சாத்து" என்றார்.
வேப்பெண்ணெய் காய்ச்சி எடுத்துப்போனேன்.
சட்டை கழன்றது.

ஆயிரம் முதுகு தேய்த்த கை இது.
கழலை தெரியும், அம்மைத் தழும்பு தெரியும்,
மாடு முட்டியது, மரம் சாய்ந்தது தெரியும்.
இது, உழுதுபோட்டு விதைக்காமல் விட்ட மேட்டுநிலம்.
விரலை எங்கே வைத்தாலும் வரப்பில் இடறியது.
என்ன பேச. எண்ணெய் ஊற்றினேன்.

சாராயம் இறங்க இறங்க அவருக்குத் தமிழ் ஏறும்.
துணி, என்றார். பன்னிரண்டு கெஜம். திருடு.
கப்பல். நாலு மாசம். கால் சங்கிலி.
ஏழு விரல் காட்டினார்.
மார்கழியில் வெயில் கொளுத்தும் தேசமாம்,
அங்கே யாருடைய ஆடோ ஒன்று தொலைந்ததற்கு
ஒரு கைப்பிடி, ஒன்பது நாக்கு, ஐம்பது தரம்.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
நானூற்றைம்பது.
பிறகு உப்புத்தண்ணீர்.

தண்டனை தீர்ந்து, குதிரை ஏற்றிய கப்பலில்
குதிரைக்குப் புல் போட்டபடி மதராஸ் வந்தாராம்.
சொந்த ஊருக்குப் போகலையா என்றேன்.
என் கைக்கண்ணாடியை வாங்கி
முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு இறங்கும் நாளில்
குகை நெசவுக்காரர் கடைமுன் நிற்பார்.
எதையும் தொடமாட்டார்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
கெஜக்கோல் புரள்வதையே பார்ப்பார்.

தை மாசம், பழம் சிவந்து கிடக்கையில்
தீர்த்தான் ஓடிப்போனான்.
கங்காணியிடம் வாங்கிய முன்பணம் ஒன்பது ரூபாய்,
ஊரில் காய்ச்சலாய் ஒரு பிள்ளை.
அயோத்தியாப்பட்டணம் தாண்டுமுன் பிடித்து
மூங்கிலில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.
பன்னிரண்டு, என்றார் பெரிய துரை.
சாட்டை சீலைத் துரை கைக்கு வந்தது.

பாதி தாடியும் நுரையுமாய் எழுந்து போனார்.
கத்தியோடு நான் நின்றேன்.
கை நடுங்கும் என்று பார்த்தேன்.
எட்டில் நிற்கும்,
பத்திலாவது நிற்கும் என்று பார்த்தேன்.
நன்றாகப் பாடம் படித்த கை.
பன்னிரண்டும் இடம் தப்பாமல் விழுந்தது.
திரும்பி வந்து உட்கார்ந்து
மிச்சத் தாடியை நீட்டினார்.

வழித்தேன்.
தொண்டைக்குழியைக் கத்தி தாண்டும்போது
அவர் கண்ணை மூடவில்லை.

அன்று ராத்திரி தீர்த்தானுக்கும்
அதே வேப்பெண்ணெய்தான்.
துரையின் முதுகு என் நாக்குநுனிவரை வந்தது.
சொல்லியிருந்தால் ஒரு வரியாவது ஆறியிருக்குமா?
விழுங்கிவிட்டேன்.

அடுத்த ஆவணியில் துரையைக் காய்ச்சல் கொண்டுபோனது.
சேலத்திலிருந்து பாதிரி ஏறிவர ஒரு பகல் ஆகும்.
அதற்குள் குளிப்பாட்டு என்று என்னை விட்டார்கள்.
புரட்டிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.
குழி வெட்டி முடித்து
முழங்கால் மண்ணோடு உள்ளே வந்தவன் தீர்த்தான்.

பார்த்தான். நெடுநேரம்.
துப்புவான் என்று நினைத்தேன்.
கையைப் பின்னால் வளைத்துத்
தன் முதுகைத் தொடப் பார்த்தான். எட்டவில்லை.
அப்புறம் கேட்டான்:
"இவன அடிச்சவன் முதுக
யாரு பாத்தா?"

எனக்குத் தெரியாது.
குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினேன்.
மழைக்கு முன்னே மூடணும் என்றான்,
கால் பக்கம் போய்ப் பிடித்தான்.