லாபம்

கல்லின் அடியில் ஒரு வரி வைக்கலாம்,
அறுபது எழுத்துக்கு மிகாமல்;
இடைவெளியும் எழுத்தாகவே கொள்ளப்படும்
என்றது காகிதம்.
திருவிதாங்கூர் என்று விலாசமிட்டு
திருவிதாங்கூர் தீர்ந்த பிறகு வந்து சேர்ந்தது.

மாசிலாமணி, களியக்காவிளைச் சந்தையில்
தேங்காய் எண்ணுகிறவர்.
கைக்கு இரண்டாக, வெளுப்பிலிருந்து இருட்டும் வரை.
அவர் எண்ணம் பிசகியதென்று
ஒரு வண்டிக்காரனும் சொன்னதில்லை.
சபைப் போதகர் வாசித்துச் சொல்ல,
காகிதத்தைத் திருப்பிப் போட்டு
அதன் முதுகில் பென்சிலால் எழுதிப் பார்த்தார்.

எங்கள் நேசையன் இங்கே உறங்குகிறான்.
அதை அடித்திருக்கிறார்.
அம்மை கேட்கிறாள், சாப்பிட்டாயா.
அதையும்.
இவனுக்குத் தண்ணீர் என்றால் பயம், பார்த்துக்கொள்ளவும்.
இதை அடிக்கவில்லை.

புள்ளி வைத்த எழுத்து ஒன்றா அரையா,
கொம்புக்கும் காலுக்கும் தனிக் கணக்கா?
போதகருக்கும் தெரியவில்லை.
எண்ணித்தான் பார்ப்போமே என்று
முதல் எழுத்தில் விரலை வைத்தார்.

சந்தையில் ஒன்றை ஒன்று என்று சொல்கிற வழக்கமில்லை.
லாபம், ரெண்டு, மூணு என்றுதான் தொடங்கும்.
முப்பது வருடப் பழக்கம்.
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்கு மேல் அவர் எண்ணவில்லை.
காகிதம் போகவுமில்லை.

எனக்குப் பெரியப்பா.
நான் பிறக்கப் பதினெட்டு வருடம் முன்னால்
இருபத்திரண்டில் நின்றவர்.
இப்போது என் மகனைவிடச் சின்னவர்;
எதிரே வந்தால்
தம்பி என்றுதான் கூப்பிட வரும்.

குண்டு விமானத்தில் அவருக்குப் பின்னிருக்கை.
ஓட்டுகிறவனுக்கு முதுகைக் கொடுத்து
வாலைப் பார்த்து உட்கார வேண்டும்.
துப்பாக்கி ஒன்று, கம்பியில்லாத் தந்தி ஒன்று.
போகிற ஊரை அவர் பார்த்ததேயில்லை,
விட்டுப்போகிற ஊர் சுருங்குவதைத் தவிர.
'குண்டு போடத் தலைகீழாய் இறங்கும்போது
எனக்கு மட்டும் ஆகாயம் தெரியும்'
என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது,
மரச்சீனி விலையை விசாரித்ததற்கும்
கால்சராய் அளவுக்கும் நடுவே.

அராக்கானில் ஒரு மார்ச் மாதம்
இறங்கிய விமானம் நிமிரவில்லை.
அப்போதும் அவருக்கு
ஆகாயம்தான் தெரிந்திருக்கும்.
கீழே மூங்கில் வீடுகளில் இருந்தவர்களுக்கு
எத்தனை எழுத்து என்று
எந்தக் காகிதமும் யாருக்கும் வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஸ்டெல்லஸ்
ரங்கூன் போனவன் படம் அனுப்பினான்.
வெட்டிய புல். வரிசை வரிசையாய்க் கல்.
பெயரை நேசையா ஆக்கியிருக்கிறார்கள்.
எண், தேதி, வயது.
அதற்குக் கீழே ஒரு சாண் வெறும் கல்,
அதில் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் எறும்பு.
'ஏதோ எழுதியிருந்து அழிஞ்சு போச்சு போல'
என்று கேட்டிருந்தான்.
அழியவில்லை என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.

பில் கவுண்டரை அடைத்துவிட்டு
சாயங்காலப் பாசஞ்சரில் குழித்துறை திரும்பினால்
பின்னோக்கின ஜன்னல்தான் எனக்கு வாய்க்கும்.
நெய்யாற்றின்கரை சுருங்கும்.
தனுவச்சபுரம் சுருங்கும்.
பாறசாலை கழிந்ததும் சுவரெழுத்து மாறும்;
நடுவே கோடு எதுவும் தெரியாது,
ஒரு வாழைத்தோட்டம் மட்டும்.

"தலை சுத்தாதா? இங்க மாறி இருங்க"
என்றார் எதிர் இருக்கைக்காரர்.
இறங்கப்போறேன் என்றேன்.
இன்னும் ஒரு ஸ்டேஷன் இருந்தது.