எண்பத்தொன்பது

சோழிங்கநல்லூர் தாலுகா ஆபீஸ், மூன்றாவது முறை.
மோனிஷாவின் காலேஜுக்குச் சாதிச் சான்றிதழ்.
விசாரிக்கிறவர் ஃபைலைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடியும் ஃபைலைப் பார்த்தார்.
"இருளர்னு போட்டிருக்கு.
அவங்க இப்படி இருக்க மாட்டாங்களே?"

இப்படி என்றால் எப்படி என்று கேட்கவில்லை.
நாற்காலிக் கைகளுக்கு நடுவே
சிக்கிக் கிடந்தது என் இடுப்பு.

அவர் மனசில் ஒரு படம் இருக்கிறது:
விலா எலும்பு, கோவணம், கையில் பாம்பு.
அந்தப் படத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை.
யாரும் நைட் ஷிஃப்ட் போவதில்லை.

நான் போகிறேன்.
நாவலூர் கண்ணாடிக் கட்டடம்,
தரைக்கடியில் கேண்டீன், விடிய விடியத் தட்டு.
இரண்டு மணிக்கு மிச்சம் தருவார்கள்.
பரோட்டா, ஃப்ரைடு ரைஸ்,
நுரை செத்த கூல் டிரிங்க்ஸ்.
வேண்டாம் என்று சொல்லும் வாய்
எனக்கு இன்னும் முளைக்கவில்லை.

எலி வளை தோண்டி அப்பா நெல்லெடுத்ததை
யாராவது அழகாகச் சொன்னால் எரிச்சல் வரும்.
அது பசி.
வேறு பேர் வைக்காதீர்கள்.

போன மாசம் பெரும்பாக்கம் ஆஸ்பத்திரியில்
மெஷின் மேல் ஏறினேன்.
முள் நடுங்கி நடுங்கி எண்பத்தொன்பதில் நின்றது.
டாக்டரம்மா சின்னப் பெண், நல்ல பெண்.
"சிறுதானியம் சாப்பிடுங்க, தினமும் நடங்க."
சிறுதானியத்துக்கு விலை கேட்டுவிட்டு
ரேஷன் அரிசிக்கே திரும்பினேன்.
நடையா? எங்கள் வீடு எட்டாவது மாடி,
லிஃப்ட் வாரத்தில் நாலு நாள் தூங்கும்.
மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
எனக்கு ராத்திரிதான் காலை,
எதை எப்போது போட?

அங்கே நர்ஸ் சாதி கேட்டாள்.
சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
ஒரு காகிதம் கேட்கவில்லை.

அந்தச் சீட்டைத்தான் இப்போது மேஜையில் வைத்தேன்.
சர்க்கரை இருநூற்று நாற்பது,
பக்கத்திலேயே, நீல மையில், இருளர்.
"இதெல்லாம் செல்லாதும்மா" என்றார்,
குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.
"அடுத்த புதன் வாங்க.
சொந்தத்துல யாராவது ஒல்லியா இருந்தா
கூட்டிட்டு வாங்க."

எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது.
மோனிஷா பிடித்து இழுத்தாள்,
சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு,
எனக்கும்.

பஸ் ஸ்டாப் வரைக்கும்
ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டே வந்தோம்.
பெரிய மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.
கொத்தனார் வேலைக்குப் போன செஞ்சி?
அவனுக்கும் தொப்பை.
தம்பி ஏழுமலை ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி,
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவன்.
போன் போட்டாள் மோனிஷா.

தொண்ணூற்றாறாம்.