எங்க ஊரைக் காணோம்

தொகுப்பாளர் எங்கள் பெயரை
'பி சிப்ஸ்' என்று வாசித்தார்.
பி ஷிப்ட், என்றாள் சலோமி மைக்கில்.
மைக்குக்கு இன்னும் உயிர் வரவில்லை.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஆறாம் நாள்.
ஆறு இருபதிலிருந்து ஆறே முக்கால் வரை நாங்கள்.
ஏழு மணிக்கு டிவி புகழ் பல்குரல் மன்னன்.
அவருக்காக இடம் பிடித்த துண்டுகள்
முன் இரண்டு வரிசையில் உட்கார்ந்து
எங்களைக் கேட்டன.

டிரம்ஸ்காரிக்குத் தெரியும் மேடை வேறு.
மூன்று முதுகுகள். அவற்றின் சந்தில்
வருகிறவர்கள், போகிறவர்கள்,
பெரும்பாலும் போகிறவர்கள்.
பர்கத்தின் சட்டையில் வியர்வை
முதலில் பாரூர் ஏரி அளவு,
பிறகு கே.ஆர்.பி. அணை.

முதல் பாட்டின் நடுவில் அறிவிப்பு:
மஞ்சள் கவுன் போட்ட குழந்தை ஒன்று
தோட்டக்கலை அரங்கில் அழுதுகொண்டிருக்கிறது.
நிறுத்திக் காத்திருந்தோம்.
குழந்தை கிடைத்தது.
பாட்டு கிடைக்கவில்லை.

இரண்டாவது முடிவதற்குள் ஒரு சீட்டு வந்தது:
'சினிமா பாட்டு போடவும்.' கீழே கையெழுத்துகூட இருந்தது.

போன மாதம் தருமபுரி வரவேற்பில் போட்டோம்.
மண்டபமே கூடப் பாடியது,
முடிந்ததும் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டது.
பந்தியில் எங்களைப் பார்த்து
பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார்கள்.

திம்மராயன் பேஸை அணைத்தபடி திரும்பி
என்னைப் பார்த்தான்.
சலோமி சீட்டை நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மைக் ஸ்டாண்டின்
காலுக்கடியில் செருகினாள்.
"பஸ்" என்றாள்.

கம்பெனி பஸ் பாட்டு. இரண்டே கார்டு.
மூணேகாலுக்கு, விடியாத இருட்டில்,
சிங்காரப்பேட்டையில் ஏறும் ஒருத்தி
ஓசூர் வரைக்கும் தூங்குவாள். அவ்வளவுதான் கதை.
நிற்கும் ஊர்களின் பெயர்தான் பல்லவி.
சலோமி அதைக் கூவ மாட்டாள்,
ஜன்னல் கம்பியில் நெற்றி சாய்த்து முனகுவாள்:
ஊத்தங்கரை, சாமல்பட்டி, மத்தூர்,
கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, சூளகி

"எங்க ஊரைக் காணோம்!"

ராட்டினத்தின் பக்கமிருந்து ஒரு பெண்.
கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை,
கையில் பாதி கடித்த சோளம்.
கிண்டல் இல்லை.
நிஜமாகவே கோபம்.

சலோமி நிறுத்தவில்லை.
அதே ராகத்தில் கேட்டாள்: எந்த ஊரு?
"கண்ணண்டஹள்ளி!"

மத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில்
ஆறு மாதமாக நாங்கள்
நிறுத்தாமல் தாண்டிய ஊர்.

ரிவர்ஸ் எடுத்தோம்.
பர்கத் முதல் கார்டுக்கே போய் நின்றான்,
நான் நாலு தட்டு கூடப் போட்டேன்.
கதவு திறந்தது. ஏறிக்கொண்டாள்.

அப்புறம் தடுக்க முடியவில்லை.
அஞ்செட்டி ஏறியது, தளி ஏறியது,
வேப்பனஹள்ளி ரெண்டு டிக்கெட்.
மகாராஜகடை தாளத்துக்குள் அடங்காமல்
படிக்கட்டில் தொங்கியது.
செந்தூராவை எடை போட்டுக்கொண்டிருந்தவர்
தராசைப் பிடித்தபடியே காவேரிப்பட்டணம் என்றார்.
அந்த ரூட்டிலேயே இல்லை. ஏற்றிக்கொண்டோம்.
துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு
ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

எண்ணினேன், எண்ணுவதுதானே என் வேலை.
நூற்றிப் பத்து, அல்லது இருபது.
பல்குரல் மன்னருக்கு
இரண்டாயிரம் தேறும்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது
மேடைக்குப் பின்னால் அவள் வந்தாள்.
பாராட்டத்தான் என்று
திம்மராயன் முடியைச் சரிசெய்தான்.

"எங்க ஊர்ல அவ்ளோ நேரம் நிக்காதுங்க.
நாலு பத்துக்கு வரும்,
டிரைவர் ஸ்லோ பண்ணுவாரு, அவ்ளோதான்.
ஓடித்தான் ஏறணும்."

வெள்ளிக்கிழமை ஊத்தங்கரையில் வாசிக்கிறோம்.
அந்த இடத்தில் இப்போது
இரண்டே தட்டு.