மூன்றாவது ஓட்டு

கீழக்கரையில் ஒரு வளாகம்,
பெரியபட்டினத்தில் கடலாய்வுக் கூடம்.
நடுவே உடைமரம், மணல், இரண்டு சுடுகாடு,
மண்ணுக்கடியில் கண்ணாடி இழை.

வரைபடத்தில் இரண்டு கோடு போட்டேன்,
ஒன்று நீலம், ஒன்று பச்சை.
ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும் என்று
முதல்வர் அறையில் சொன்னேன்.
தேநீர் வந்தது, பிறகு கையெழுத்து.

இனி சுவிட்சுகள் யோசிக்க வேண்டாம்,
சொன்னதைச் செய்தால் போதும்.
யோசிக்க ஒரு மென்பொருள், நூலகத்தின் பின்னறைக் குளிரில்.
அச்சு அசலாக அதன் துணை
பெரியபட்டினத்தில், விழித்தபடி, வாய் திறக்காமல்.
விடுதிப் பெண் எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும்
அவள் கைபேசியோடு அவளுடைய அனுமதிகளும் நுழையும்.
தொட்டிகளின் வெப்பமானி
வினாத்தாள் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காது.
செங்கல் இல்லாமல் அறை தடுக்கிற வேலை.

ஆடி. கச்சான் காற்றில் மணல் பறந்த பிற்பகல்.
குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி
சேதுக்கரை விலக்கில் ஒரே ஒரு முறை குனிந்தது.
நீலமும் பச்சையும் ஒரே நொடியில் போயின.

இழை ஒட்டும் சீனி உமர் குழிக்குள் இறங்கி
ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்:
"ரெண்டும் ஒரே குழாய்லதான் கிடக்கு மேடம்.
கலர்தான் வேற."

அதைவிட மோசம் மேலே நடந்தது.
கீழக்கரை நினைத்தது: அது செத்துவிட்டது, இனி நான்தான்.
பெரியபட்டினமும் அதே நொடியில்
அதே வாக்கியத்தை நினைத்தது.
நான் எழுதிக்கொடுத்த வாக்கியம்.
ஐந்து மணி நேரம் இரண்டு தலைமை.
எதுவும் பொய் சொல்லவில்லை.

இழை ஒட்டிய பிறகுதான் சண்டை.
தேர்வறை அச்சுப்பொறிக்கும்
தொட்டிக்குக் காற்று ஊதும் பம்புக்கும் ஒரே முகவரி.
அச்சுப்பொறி வென்றது.
விடியும்வரை வாளியால் மொண்டு மொண்டு ஊற்றி
கடல் அட்டைகளுக்கு மூச்சு கொடுத்தாள் தில்லைநாயகி.
மறுநாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
"உங்க வரைபடத்துல அந்தப் பம்பு எங்க இருக்கு?"

இருவர் வழக்குக்கு மூன்றாம் ஆள் வேண்டும்.
முத்துப்பேட்டை ஐஸ் கம்பெனியில்
கணக்குப் பார்க்கும் கிறிஸ்டியின் தலைக்கு மேலே
செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாட்சி.
தனி சிம், தனி பேட்டரி.
அதற்கு ஆளத் தெரியாது.
யாரைப் பார்க்க முடிகிறது என்று மட்டும் சொல்லும்.
அந்த ஓட்டு கிடைக்காத பக்கம் வாயை மூட வேண்டும்.
வாடகை கேட்டேன்.
"ஈரம் படாம நீங்க பாத்துக்கங்க,
ஐஸை நாங்க பாத்துக்கிறோம்."

பச்சைக்குப் புதுப் பாதை, திருப்புல்லாணி வழியாக.
இம்முறை கோடு போடுமுன்
ஸ்கூட்டரில் போகிறேன், நடைவேகத்தில்,
கேபிள் கற்களை எண்ணிக்கொண்டு.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
அடுத்த கல்லைக் காணோம்.
அங்கே புதிதாக ஒரு வேலி, உள்ளே ஒரு நாய்,
ஆழ்துளைக் கிணறு போட வந்து நிற்கிற லாரி.

வண்டியை நிறுத்துகிறேன்.