மூன்றாம் குப்பி

அபுல் கசீப்பில் வாய்க்கால்களுக்குக் கடலின் கடிகாரம்.
கடல் ஏறினால் தோப்புக்குள் பின்னோக்கி ஓடும்,
வடிந்தால் இருப்பதையெல்லாம் ஆற்றில் கொட்டும்.
வடிகாலுக்குக் காத்திருந்தோம்
படகுக்கார அப்பூத், டாக்டர் ஹுதா,
வலை பிடிக்க நான்.

மீன் வலை இல்லை.
பட்டுத்துணியில் தைத்த புனல், நுனியில் ஒரு குப்பி.
"இதில் என்ன விழும்?" என்றான் அப்பூத் முதல் நாள்.
"ஆறு" என்றார் ஹுதா.

வாய்க்கால் சேருமிடத்துக்கு மேலே ஒரு குப்பி.
சேருமிடத்தில் ஒன்று.
கீழே, வளைகுடாப் பக்கம், ஒன்று.
படகிலேயே சிவப்புச் சாயம் சொட்ட வேண்டும்.
உயிர் உள்ளதைத்தான் அது பிடிக்கும்.
பிறகு ஃபார்மலின்.

எண்ணுவது ராத்திரி, முகாமின் பின்னறையில்.

முதல் குப்பியில் பதினேழு வகை.
ஒற்றைக் கண்ணோடு, இடுப்பின் இருபுறமும்
முட்டைப்பை தொங்கும் துடுப்புக்காலி.
முதுகுக்குள் குஞ்சுகள் தெரிகிற நீர்த்தெள்ளு.
எள்ளில் பாதி அளவுக்கு ஒரு சிப்பி, அதற்குள்ளும் கால்கள்.
உப்பு ஆகாதவையும் உப்பில்லாமல் ஆகாதவையும்
ஒரே சொட்டில்
இடித்துக்கொள்ளாமல்.

இரண்டாவதில் தேர்க்கூட்டம்.
எண்ணி முடிக்கையில் பாங்கு சொல்லிவிட்டார்கள்.
நாலாயிரத்து முப்பது.
சந்தோஷமாகப் போன் செய்தேன்:
ஆறு நல்லா இருக்கு டாக்டர்.
"வகை எத்தனை?"
அப்போதுதான் பார்த்தேன்.
ஒன்று.
ஒரே ஆள், நாலாயிரத்து முப்பது தடவை.

மூன்றாவதை என்ன சொல்ல.
வெளுத்த கூடுகள்.
உடைந்த கொம்பு, யாருடையதோ ஒரு வால்.
சாயம் எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை, வேலை இல்லை.
வாய்க்கால் கரையில் நடந்தேன், சும்மா.
நாணலுக்குள் சாம்பல் நிறக் குழாய்.
எலுமிச்சை வாசனை.
கடையில் நான் பேரம் பேசி வாங்கிய அதே தூள்,
அதே நீலநுரை,
எங்கள் முந்நூற்று நாற்பது கட்டில்களின் அழுக்கோடு
அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: வரத்தின் மூலம்.
மூன்று வாரமாக "தெரியவில்லை" என்றே எழுதியிருந்தேன்.
மேனேஜர் கையெழுத்தும் போட்டிருந்தார்.
இந்த முறை எழுதினேன்: குழாய் ஆறு. முகாம்.
எழுதியதை நானே ஒருமுறை வாசித்தேன்.
அடிக்கவில்லை.

மறுபடி மூன்றாம் குப்பியைக் குலுக்கி,
கடைசிச் சொட்டைக் கண்ணாடியில் விட்டேன்.
ஓரத்தில், கூடுகளுக்கு அடியில், ஒரு சிவப்பு.
பெண். இரண்டு பைகளும் நிறைய முட்டை.
வாய்க்காலைத் தாண்டி வந்திருக்கிறாள்,
குழாய் ஆறைத் தாண்டி, உப்பைத் தாண்டி.
ஃபார்மலினைத்தான் தாண்டவில்லை.

ஒன்று, என்று எழுதினேன்.