மே மாதக் கணக்கு

இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை
காதால் மீன் எண்ணுவது என் வேலை.
வங்கியில் சொன்னபோது சிரித்தார்கள்.
கடன் படிவத்தில் ‘மீன்வளம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

கரோன் நதி. அணைக்குக் கீழே இரண்டாவது வளைவு.
சரளை மேடு, அதன்மேல் அவசரமாகப் போகும் தண்ணீர்,
தொட்டால் பதினெட்டு டிகிரி.
மடக்கு நாற்காலி, பிளாஸ்க், கம்பளி,
ஒரு பென்சில். பேனா பனியில் எழுதாது.

கடலிலிருந்து வருகிறது அலோஸ்,
உல்லத்துக்குப் பங்காளி.
ஆற்று முகத்தில் வயிற்றைப் பூட்டிக்கொண்டு
ஒரு புழுகூடத் தின்னாமல்
போர்தோவின் பாலங்களைக் கடந்து
சேற்றுநிறம் தெளியும் இடத்துக்கு.
இன்னும் மேலே போயிருக்கும்.
அணை நிற்கிறது.
ஆகவே இங்கே.

இருட்டில் நடப்பது இவ்வளவுதான்:
பெண் மேலே வரும்,
ஆண் அதன் விலாவில் ஒட்டும்,
இரண்டும் வாலால் நீரை அடித்துக்கொண்டே
வட்டம் போடும்.
ஈரத்துணியை யாரோ கோபத்தில் கல்லில் அறைவதுபோல
ஐந்து நொடி, ஆறு நொடி.
பிறகு ஆறு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கும்.
நான் ஒரு கோடு போடுவேன்.

எனக்கு முன்னால் இதே வளைவில் உட்கார்ந்தவர்
ஒரே இரவில் நானூறு போட்டிருக்கிறார்.
அவர் நோட்டு நெருக்கமான வேலி.
என்னுடையது பல் விழுந்த சீப்பு.

செவ்வாய்க்கிழமை, இரண்டே கால் மணி.
சத்தம். கோடு.
மூச்சு விடுவதற்குள் இன்னொன்று.
அரை மணியில் பத்து!
அலுவலகத்து பிளாந்தேக்கை எழுப்பிச் சொல்ல
போனை எடுத்துவிட்டேன்.
அப்போதுதான் காது சந்தேகப்பட்டது.

மீனின் வட்டம் முடியும்போது தேயும்,
அடுப்பிலிருந்து இறக்கிய பால் அமர்வதுபோல.
பத்தாவது வெட்டினாற்போல் நின்றது.
கூடவே ஓர் இருமல்.

டார்ச்சை அடித்தேன்.
வில்லோ மரத்தடியில் தட்டைப் படகு,
படகில் கஸ்தேரா,
தோள்வரை நனைந்து,
கையில் துடுப்பு.

“கணக்கு ஏறினால் தடை இறங்கும் என்றார்களே,” என்றார்.
அவர் வலை கொட்டகையில் தொங்குகிறது.
சிட்டுக்குருவி அதில் இரண்டு முறை குஞ்சு பொரித்துவிட்டது.
கொல்லையில் சுக்காங்கீரை
முள்ளைக் கரைக்க ஒரு மீனும் வராமல்
விதைகட்டி நிற்கிறது.
இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும்.

“எத்தனை போட்டாய்?”
“பத்து.”
விரல் விட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.
“நான் எட்டுதான் அடித்தேன்.”

பொய் சொல்ல வந்தவரின் வார்த்தையை
நம்பியாக வேண்டிய நிலைமை எனக்கு.
ரப்பரை எடுத்தேன்.
எந்த எட்டை?
பத்துக் கோடும் ஒரே உயரம், ஒரே சாய்வு,
ஒரே தாய் பெற்றதுபோல.
எதிரே மணி எழுதியிருக்கிறேன்.
அவரிடம் கடிகாரம் இல்லை.

துடுப்பைக் கேட்டு ஏமாந்து இரண்டு வந்தனவா,
அல்லது எப்படியும் வரவிருந்தனவா,
அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.

படகைக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.
காபியின் பாதியைக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை.
மூன்று ஐம்பதுக்கு எதிர்க்கரையோரம்
ஒன்று.
பால் அமர்வதுபோல அமர்ந்தது.
என் பென்சில் தாளைத் தொடுமுன்
அவர் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

முட்டைகள் சரளை இடுக்கில் இறங்கியிருக்கும்.
போட்டவை இரண்டும்
நாளையோ மறுநாளோ பக்கவாட்டில் மிதந்து வரும்.
பருந்துக்குத் தெரியும் அந்தக் கணக்கு.

அறிக்கையில் மூன்று என்று எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில்: துடுப்பு, எட்டு.
பிளாந்தேக் போன் செய்து கேட்டான்,
அது என்ன இனம் என்று.